கழிப்பறை இருக்கு, ஆள்தான் போகலை!

ஊர்ச் சுகாதாரம் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கட்டிக் கொடுத்தாச்சு, சொல்லியும் பார்த்தாச்சு, ஜனங்கள் மாறவில்லை. கழிப்பறைக் கட்டுமானமும் கிராமப் பணியும் அறிந்த எங்கள் குழுவினர் பதில் சொல்கிறார்கள்.

*எங்கள் ஊராட்சியில் 140 வீடுகளுக்குக் கழிப்பறை கட்டியாகிவிட்டது. பாதி வீடுகளில் அதற்குள் விறகும் வறட்டியும்தான் கிடக்கின்றன. ஒரு வீட்டில் ஆட்டுக்குட்டியைக் கட்டியிருக்கிறார்கள். மூன்று முறை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம், பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பேரணியும் நடத்தினோம். இந்த ஜனங்களுக்கு இன்னும் எப்படித்தான் புரியவைப்பது?*
— வார்டு உறுப்பினர், திண்டிவனம் வட்டாரம்

அவர்களுக்குப் புரியவில்லை என்று ஏன் முடிவு கட்டினீர்கள்? வெளியே போனால் கிருமி பரவும், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும் என்பதை உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். தெரிவது ஒன்று, காலை ஐந்து மணிக்குக் கால் போகும் திசை வேறு. நான்காவது கூட்டம் போடுவதற்கு முன்னால் அந்த 70 வீடுகளுக்கும் நேரில் போய், ஒவ்வொரு வீட்டிலும் என்ன தடை என்று பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒரே தடை இருக்காது.

முதலில் எண்ணும் முறையை மாற்றுங்கள். கழிப்பறைகளை எண்ணாதீர்கள், ஆட்களை எண்ணுங்கள். பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், அரியானா கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கழிப்பறை உள்ள வீடுகளிலேயே 40 சதவீத வீடுகளில் ஒருவராவது வெளியே போய்க்கொண்டிருந்தார். "உங்க வீட்ல கக்கூஸ் இருக்கா, எல்லாரும் போறீங்களா?" என்று குடும்பத் தலைவரிடம் கேட்டால் "ஆமாங்க" என்றுதான் பதில் வரும். அதையே, "சில பேரு வீட்லயே போறாங்க, சில பேருக்குக் காட்டுப்பக்கம் போனாத்தான் சரிப்படுது. உங்களுக்கு எப்படி? உங்க மாமியாருக்கு?" என்று ஆள் ஆளாகக் கேளுங்கள். இரண்டு பதிலையும் கூச்சமில்லாமல் சொல்ல இடம் கொடுத்தால் உண்மை வரும். கேட்பதோடு நிற்காமல் கண்ணாலும் பாருங்கள். தரை ஈரமாக இருக்கிறதா, வாளியும் கப்பும் உள்ளேயே இருக்கின்றனவா, பிரஷ் தேய்ந்திருக்கிறதா, கதவு மூலையில் சிலந்தி வலை கட்டியிருக்கிறதா? சிலந்தி பொய் சொல்லாது.

இப்படிப் பார்த்தால் தடைகள் பெரும்பாலும் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். குழி நிறைந்துவிடும் என்ற பயம்தான் அதில் பெரியது. அதைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாக எழுதியிருக்கிறோம். அடுத்தது தண்ணீர். தண்ணீர் சுமப்பவள் ஒருத்தி, அதை ஊற்றுவது வீட்டில் உள்ள எல்லாரும். குழாயடி தூரமாக இருக்கும் வீட்டில் கழிப்பறை என்றால் கூடுதலாக நாலு குடம் என்று பொருள். அந்த வீட்டில் ஆண்களை வெளியே போகச் சொல்வது பல நேரம் அந்தப் பெண்ணேதான். மூன்றாவது, கட்டிய விதம். ஒப்பந்தக்காரர் ஒரே மூச்சில் ஐம்பது வீட்டுக்குக் கட்டிப்போட்ட கழிப்பறையைத் தங்கள் வீட்டின் பகுதியாக யாரும் நினைப்பதில்லை. கதவு தாழ்ப்பாள் விழவில்லை, கூரைத் தகரம் சுடுகிறது, குந்தினால் முழங்கால் சுவரில் இடிக்கிறது, உள்ளே விளக்கு இல்லை. இதெல்லாம் சில்லறை விஷயம்போலத் தெரியும். ஆனால் ஒரு தாழ்ப்பாள் இல்லாததால் வயதுக்கு வந்த பெண் உள்ளே போகாமல் இருப்பாள்.

அடுத்தது 'இடம்'. சமையற்கட்டை ஒட்டியோ சாமி மாடத்துக்கு எதிரிலோ கட்டியிருந்தால் பெரியவர்கள் நுழைய மாட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று விவாதித்து ஜெயித்துப் பயனில்லை. வாசலைத் திருப்பி வைத்தோ இடையில் ஒரு தட்டி கட்டியோ சரிசெய்வது சுலபம். கடைசியாக, வெளியே போவதில் உள்ள சுகம். காற்றாட நடப்பது, நாலு பேரோடு பேசுவது, மாமியார் கண்ணில் படாத அரை மணி நேரம். இதை ஒப்புக்கொள்ளாமல் எந்தத் திட்டமும் நடக்காது.

ஆக, உங்களுக்கு வேண்டியது ஒரு கொத்தனார், ஒரு தச்சர், இரண்டு வாரம். 70 வீடுகளின் பட்டியலில் எதிரே ஒரு வார்த்தை எழுதுங்கள்: 'தாழ்ப்பாள்', 'தண்ணீர்', 'குழி பயம்', 'தாத்தா மட்டும்' என்று. சின்ன வேலைகளை முதலில் முடியுங்கள். பேச்சு அதற்குப் பிறகு.

இன்னொன்று. "நம் ஊரில் இன்னும் பாதிப் பேர் வெளியே போகிறார்கள், வெட்கம்!" என்று பலகை வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதைப் படிப்பவர் மனதில் பதிவது "பாதிப் பேர் போறாங்கல்ல, நாமும் போனா என்ன" என்பதுதான். "இந்த மாதம் புதிதாக 12 குடும்பங்கள் பயன்படுத்தத் தொடங்கின" என்று எழுதுங்கள். மனிதர்கள் அறிவுரைக்கு அசைவதைவிட அக்கம்பக்கத்தைப் பார்த்து அசைவது அதிகம்.

*இரண்டு குழி போடச் சொல்கிறார்கள், ஒவ்வொன்றும் நாலடி ஆழம்தானாம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது ஒரே வருஷத்தில் நிறைந்துவிடாதா? எங்கள் கொத்தனார், "பத்து உறை இறக்கி ஒரே குழியாப் போடுங்க, ஆயுசுக்கும் நிறையாது" என்கிறார். அரசு கொடுக்கும் 12,000 ரூபாயோடு கைக்காசும் போடத் தயாராக இருக்கிறேன்.*
— விவசாயி, மணப்பாறை

கைக்காசைக் கதவுக்கும் கூரைக்கும் போடுங்கள், குழிக்கு வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அடிப்பக்கம் பூசாத உறிஞ்சு குழியில் அந்தத் தண்ணீரும், ஊற்றிய தண்ணீரும் மண்ணுக்குள் போய்விடும். மிச்சத்தில் ஒரு பங்கு நுண்ணுயிர்களால் மக்கி வாயுவாகிவிடும். குழியில் தங்குவது ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 45 லிட்டர். ஐந்து பேருக்கு 225 லிட்டர். ஒரு மீட்டர் விட்டம், குழாய் வந்து விழும் மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழம் என்றால் கொள்ளளவு 785 லிட்டர். நிறைய மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். மூன்றடி விட்டமுள்ள ஆயத்த சிமென்ட் உறைகளானால் நான்கு போதும். மேல் உறை குழாய்க்கும் மூடிக்கும் போக, இரண்டரை ஆண்டாவது தாங்கும். ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டாவது நிறைவதற்குள் முதலாவது மக்கி மண்ணாகிவிடும். ஆயுசுக்கும் நிறையாத ஏற்பாடு இதுதான்.

பத்து உறைக் குழியின் கோளாறு வேறு. அத்தனை ஆழம் போனால் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழிக்குள் ஏறும், மலம் உங்கள் கிணற்றுக்குப் போகும். ஈரத்திலேயே கிடப்பது மக்காது. ஒரு நாள் அது நிறையத்தான் செய்யும். அப்போது வண்டியைத் தேட வேண்டும், அல்லது ஒரு மனிதரை உள்ளே இறக்க வேண்டும். இந்த நினைப்புதான் பல வீடுகளில் "பெருசாக் கட்டினோம், நிறையாம பார்த்துக்கணும்" என்று ஆண்களையெல்லாம் வெளியே அனுப்புகிறது. பெரிய குழி கட்டியவர்கள்தான் அதைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்துவார்கள். வேடிக்கைதான்.

கட்டும்போது கூடவே நின்று பாருங்கள். இரண்டு குழிக்கும் நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் மண் இருக்க வேண்டும். குழியின் அடியில் சிமென்ட் பூசக் கூடாது. செங்கல் கட்டானால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் இரண்டு அங்குல இடைவெளி விட்டுத் தேன்கூடுபோலக் கட்ட வேண்டும். குழாய் மட்டத்துக்கு மேலே மட்டும் கெட்டிக் கட்டு. உறையானால் துளையுள்ளதாக வாங்கி, இணைப்பில் கலவை வைக்காமல் அடுக்குங்கள். கரிசல் மண்ணானால் குழியைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு மணலும் செங்கல் ஜல்லியும் கொட்டுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்காது. குடிநீர்க் கிணறோ ஆழ்துளைக் கிணறோ 10 மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

கழிப்பறைக் கோப்பை வாங்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். நகரத்துக் கோப்பை தட்டையானது, அதற்கு ஒரு முறைக்கு எட்டுப் பத்து லிட்டர் ஊற்ற வேண்டும். கிராமத்துக் கோப்பை என்று கேட்டு வாங்குங்கள். அதன் சரிவு 25 முதல் 28 டிகிரி. கீழே வரும் வளைவில் 20 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும்படியான பொறி இருக்க வேண்டும். இதற்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். ஐந்து பேர் வீட்டில் நாளைக்கு ஆறு முறை என்று வைத்தால், நகரத்துக் கோப்பைக்கு 60 லிட்டர், கிராமத்துக் கோப்பைக்கு 12 லிட்டர். நாலு குடத்துக்கும் ஒரு குடத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு குழிக்கும் பிரியும் இடத்தில் சின்னத் தொட்டி ஒன்று வரும். ஒரு வாயைச் செங்கலும் களிமண்ணும் வைத்து அடைத்திருக்கிறார்களா என்று மூடியைத் திறந்து பாருங்கள். நாங்கள் அதிகம் காணும் பிழை இதுதான். இரண்டு வாயும் திறந்திருந்தால் இரண்டு குழியும் ஒன்றாக நிறைந்து, மக்க நேரமே இருக்காது. குளியலறைத் தண்ணீரை இந்தக் குழிக்குள் விடாதீர்கள். மண் ஊறி, உறிஞ்சும் சக்தி போய்விடும். அதை வாழைக்குத் திருப்புங்கள். காற்றுக் குழாயும் வேண்டாம். அது செப்டிக் டேங்குக்கு. இங்கே வாயுவை மண்ணே வாங்கிக்கொள்ளும், நாற்றத்தைத் தண்ணீர்ப் பொறி தடுக்கும்.

*குழி நிறைந்தால் யார் அள்ளுவது? "எங்க சாதியில யாரும் அதைத் தொட மாட்டோம்" என்று நேராகவே சொல்கிறார்கள். பயிற்சியில் இதற்கு எங்களுக்குப் பதில் சொல்லித்தரவில்லை.*
— தூய்மை ஊக்குநர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

இந்தக் கேள்வியைத் தவிர்ப்பதால்தான் பல திட்டங்கள் தடுமாறுகின்றன. கழிப்பறை மறுப்புக்குப் பின்னால் நிற்பது சாதி என்பதை மறைக்க வேண்டாம். நம் நாட்டில் மலம் அள்ளுவது வேலையாக இல்லாமல் சிலர் தலையில் கட்டப்பட்ட பிறப்பாக இருந்தது. அதனால், பயிருக்கு உரமாகும் சாணியைக் கையால் மெழுகுபவர்கள் மக்கிய மண்ணைத் தொடத் தயங்குகிறார்கள்.

செய்ய வேண்டியது, காட்டுவது. அடைத்து இரண்டு ஆண்டு ஆறப்போட்ட குழி ஒன்றை ஊரார் முன்னால் திறக்க வேண்டும், அந்த வீட்டுக்காரரே மண்வெட்டி போட வேண்டும். உள்ளே இருப்பது கறுத்த, உதிரியான, நாற்றமில்லாத மண். ஊக்குநரோ அதிகாரியோ முதலில் கையில் எடுத்துக் காட்டினால் நல்லது. இதற்காகத் தூய்மைப் பணியாளரை அழைக்கவே கூடாது. அழைத்தால் "இது அவங்க வேலை" என்ற பாடத்தைத்தான் நீங்களே நடத்தியதாகும்.

இரண்டு ஆண்டு என்பதற்குக் காரணம் உண்டு. மற்றக் கிருமிகள் முன்பே செத்துவிடும், உருண்டைப் புழுவின் முட்டைதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால் குறைந்தது ஒன்றரை ஆண்டு, நல்லது இரண்டு. திறக்கும்போது ஈரமாக, நாற்றத்தோடு இருந்தால் உடனே மூடிவிடுங்கள். மழைநீர் இறங்குகிறது அல்லது அடைப்புச் செங்கல் கசிகிறது என்று பொருள். அடைத்த தேதியைக் குழி மூடியின்மேல் பெயின்டால் எழுதச் சொல்லுங்கள். மூன்று வருஷம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடைவிதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது, முழுதாக மக்காத மலத்தை மனிதர் கையாள்வதை. மக்கிய உரத்தைத் தன் தோட்டத்துக்கு எடுப்பவரை அது தடுக்கவில்லை. செப்டிக் டேங்குக்குள் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதும் குற்றம். அந்த வாயுவில் முதலில் மூக்கின் மோப்பமே போய்விடும். "நாத்தம் இல்லை, இறங்கலாம்" என்பது சாவுக்கான அழைப்பு. ஒருவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கிய இன்னொருவரும் சாகும் செய்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். இப்படிச் சாவோரின் குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. செப்டிக் டேங்க் உள்ள வீடுகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கழிவுநீர் வண்டியை அழைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். வண்டி கொட்டும் இடம் சுத்திகரிப்பு நிலையம்தானா, ஏரிக்கரையா என்றும் கேளுங்கள்.

*அதிகாலையில் விசில் ஊதிக்கொண்டு போனால் பலன் இருக்கிறது என்கிறார்கள். வெளியே போகிறவர்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? ரேஷனை நிறுத்துவோம் என்று சொன்னால் பயப்படுவார்களே?*
— இளைஞர் மன்றம், ராமநாதபுரம் மாவட்டம்

மூன்றும் வேண்டாம். படம் எடுப்பது குற்றம், அதுவும் பெண்களை எடுத்தால் நீங்கள்தான் உள்ளே போவீர்கள். ரேஷன் சட்டம் தந்த உரிமை, அதைக் கழிப்பறையோடு முடிச்சுப்போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. விசிலுக்குப் பயந்தவர்கள் விசில் கேட்காத இடத்துக்கு, இன்னும் இருட்டில், இன்னும் தூரமாகப் போவார்கள். மாட்டிக்கொள்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் கழிப்பறை கட்ட இடமே இல்லாதவர்கள், கூலி வேலைக்கு வந்து தங்கியவர்கள், காலனிக்காரர்கள். மாடி வீட்டுக்காரர் வயலில் போவதை யாரும் விசில் ஊதித் தடுப்பதில்லை.

வெட்கத்தைத் தூண்டும் முறை வங்கதேசத்திலிருந்து வந்தது என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2000ஆம் ஆண்டு ராஜ்சாஹி மாவட்டத்தின் மோஸ்மொயில் கிராமத்தில் கமல் கர் என்ற இந்திய வளர்ச்சிப்பணி ஆலோசகர் தொடங்கியது அது. ஊரார் தரையில் தங்கள் ஊரை வரைந்து, யார் எங்கே போகிறோம் என்று மஞ்சள் பொடியால் குறித்தார்கள். குடிநீர்ப் பக்கம் எத்தனை மஞ்சள் என்று அவர்களே பார்த்தார்கள். ஒரு தலைமுடியை மலத்தில் தொட்டு, தண்ணீர் டம்ளரில் விட்டு, "குடிப்பீங்களா?" என்று கேட்பார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், யாரும் குடிக்க மாட்டார்கள். அருவருப்பு நிலைமையின்மேல் வருகிறது. இங்கே வந்ததும் அது ஆள்மேல் திருப்பப்பட்டுவிட்டது. வெட்கம் ஊரார் தங்களுக்குள் உணர்வதாக இருக்க வேண்டும், நீங்கள் மேலே இருந்து ஊற்றுவதாக இருக்கக் கூடாது.

காலை ஐந்து மணிக்கு எழத் தயார் என்றால் அந்த நேரத்தை வேறு விதமாகச் செலவிடுங்கள். வெளியே போகும் பாதையில் நின்று, "கக்கூஸ்ல என்ன கோளாறுங்க?" என்று கேளுங்கள். பட்டியல் தானாகக் கிடைக்கும்.

*எங்கள் மாணவர்களுக்குக் கை கழுவும் ஏழு படிகளும் மனப்பாடம். பாட்டாகவே பாடுவார்கள். சத்துணவுக்கு முன் கழுவுவதுதான் கிடையாது. சோப்பு வைத்தால் இரண்டு நாளில் காணோம்.*
— தலைமையாசிரியை, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, தருமபுரி மாவட்டம்

உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை குழாய்? 200 பிள்ளைகள், இரண்டு குழாய் என்று வையுங்கள். ஒருவர் 20 வினாடி கழுவி, அடுத்தவர் வர 10 வினாடி. எல்லாரும் கழுவி முடிக்க 50 நிமிடம். சோறு ஆறிவிடும். பிள்ளைகள் கழுவாதது கெட்ட பழக்கத்தால் இல்லை, கணக்கு சரியாகத் தெரிந்ததால். ஒரு பிவிசி குழாயை இடுப்பு உயரத்தில் கிடையாகக் கட்டி, ஓரடிக்கு ஒன்றாகப் பத்துச் சின்னத் துளை போடுங்கள். ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ஒரே வால்வு. ஒரு தடவைக்குப் பத்துப் பேர். 200 பேருக்கும் பத்தே நிமிடம். கீழே கல் பரப்பி வாய்க்கால் விடுங்கள், இல்லாவிட்டால் சேறாகி யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள்.

சோப்பு காணாமல் போவதற்கு வழி: கட்டிச் சோப்பை வைக்காதீர்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூளைப் போட்டுக் குலுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்ட பாட்டிலில் கட்டித் தொங்கவிடுங்கள். சோப்புத் தண்ணீரை யாரும் பையில் போட்டுக்கொண்டு போவதில்லை. கட்டிச் சோப்புதான் வேண்டும் என்றால் வெங்காய வலைப்பையில் போட்டுக் கயிற்றில் கட்டுங்கள்.

பழக்கம் எப்படி வரும் என்பதற்கு இரண்டு சான்று. வங்கதேசத்தில் இரண்டு தொடக்கப்பள்ளிகளில், கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம்வரை பளிச்சென்ற நிறத்தில் பாதை போட்டு, அதில் பாதச் சுவடுகளையும், குழாயடியில் கைத் தடங்களையும் வரைந்தார்கள். பாடம் எதுவும் நடத்தவில்லை. கழிப்பறை போய்வந்து சோப்பால் கழுவியவர்கள் 4 சதவீதமாக இருந்தது, ஆறு வாரத்தில் 74 ஆனது. பெயின்டுச் செலவு மட்டும்தான். இரண்டாவது, பக்கத்திலேயே, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டக் கிராமங்களில் நடந்த 'சூப்பர் அம்மா' பிரசாரம். கிருமி என்ற பேச்சையே பெரிதாக எடுக்கவில்லை. அழுக்குக் கையால் மண்ணும் புழுவும் சேர்த்து லட்டு பிடிக்கும் லட்டு லிங்கம் என்ற கோமாளியைக் காட்டி அருவருப்பையும், பிள்ளைக்கு நல்ல பழக்கம் சொல்லித்தரும் தாயைக் காட்டிப் பாசத்தையும் தொட்டார்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கிராமங்களில் முக்கிய நேரங்களில் சோப்பால் கை கழுவுவது 37 சதவீதம், பிரசாரம் நடக்காத கிராமங்களில் 6 சதவீதம். 37 என்பது பெரிய எண் இல்லை என்று தோன்றலாம். தொடங்கும்போது அது 1, 2 என்ற அளவில்தான் இருந்தது.

மாணவிகள் கழிப்பறைக்குள் நாப்கின் போட்டு அடைத்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு அறைக்குள்ளும் மூடியுள்ள ஒரு கூடையும் பழைய செய்தித்தாளும் வையுங்கள். அறைக்கு வெளியே பொதுவாக ஒரு கூடை வைத்தால், எல்லாரும் பார்க்கக் கையில் எடுத்துக்கொண்டு எந்தப் பிள்ளை வரும்?

*என் மாமனாருக்கு 74 வயது. "வீட்டுக்குள்ளேயே கக்கூஸா, சீ!" என்கிறார். நாங்கள் ஐந்து பேரும் வீட்டில்தான் போகிறோம், அவர் ஒருவர் போகாவிட்டால் என்ன என்று விட்டுவிடலாமா?*
— இல்லத்தரசி, சங்ககிரி

விட வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கழிப்பறைத் திட்டம் நடந்த 50 கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9இலிருந்து 63 சதவீதமாக ஏறின. குழந்தைகளின் வயிற்றுப்போக்கோ குறையவே இல்லை. இருப்பவர்களிலும் பலர் பயன்படுத்தவில்லை, மிச்ச வீடுகள் வெளியே. பாதி மட்டும் மூடிய கொசுவலைக்குள் கொசு வருவதுபோலத்தான்.

"சீ" என்று அவர் சொன்னாலும் உண்மைக் காரணம் முழங்காலாக இருக்கலாம். வயலில் குந்தும்போது பிடிக்க ஒரு செடி இருக்கும், வரப்பு மேட்டில் சரிந்து உட்காரலாம். உங்கள் கழிப்பறையில் வழுக்கும் தரையும் வெறும் சுவரும்தான். பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புப் பிடி பதியுங்கள். கோப்பைமேல் போடும் பிளாஸ்டிக் நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கும். உள்ளே ஒரு விளக்கு. மழைக்காலத்திலும் இரவிலும் அவராகவே வருவார். அங்கிருந்துதான் பழக்கம் ஆரம்பிக்கும். காலை நடையை நிறுத்தச் சொல்லாதீர்கள், போய்வந்து நடக்கச் சொல்லுங்கள்.

*எங்கள் ஊர் மகளிர் சுகாதார வளாகம் பூட்டியே கிடக்கிறது. திறந்தால் நாற்றம், மூடினால் புதர். மறுபடி திறக்க என்ன வழி?*
— சுய உதவிக் குழு, பெரம்பலூர் மாவட்டம்

அதை யார் கழுவுகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு பெயர் இருந்தால் நடக்கும், "ஊராட்சி" என்று பதில் வந்தால் நடக்காது. 2000களின் தொடக்கத்தில் ஊராட்சிதோறும் எழுந்த இந்த வளாகங்கள் பல ஊர்களில் பூட்டப்பட்டதற்கு மோட்டார் பழுது, மின் கட்டணம், சாவி யாரிடம் என்ற சண்டை, இவைதான் காரணம். திருச்சியின் குடிசைப் பகுதிகளில் கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் வழிகாட்டலில் பெண்கள் குழுக்களே பொதுக் கழிப்பறைகளைக் கட்டணம் வாங்கி நடத்தினார்கள். காசு வாங்குபவர், கழுவுபவர், கணக்கு எழுதுபவர் எல்லாம் அங்கேயே வசிப்பவர்கள். நாற்றம் வந்தால் வசூல் குறையும், குறைந்தால் அன்றே தெரியும்.

உங்கள் குழு எடுத்து நடத்த முன்வந்தால், கிராம சபையில் தீர்மானம் போட்டு எழுத்தில் வாங்குங்கள். மோட்டார் பழுதும் மின் கட்டணமும் ஊராட்சியுடையது, அன்றாடப் பராமரிப்பு குழுவுடையது என்று பிரித்து எழுதுங்கள். குடும்பத்துக்கு மாதக் கட்டணம் வையுங்கள். தடவைக்கு இவ்வளவு என்றால் வயிறு சரியில்லாத அன்று யாரும் வர மாட்டார்கள். காலை நாலரை மணிக்குத் திறக்காவிட்டால் எல்லா ஏற்பாடும் வீண்.

*நாங்கள் கடலோரம். மூன்றடி தோண்டினால் தண்ணீர். இரட்டைக் குழி எப்படிப் போடுவது?*
— வேதாரண்யம் வாசகர்

வழக்கமான விதத்தில் போடக் கூடாது. கழிப்பறையையே மேடாக்கி, குழியின் பெரும்பகுதி தரைக்கு மேலே வரும்படி கட்டி, சுற்றி மண் அணைத்துக் கெட்டிப்படுத்தலாம். அடியைப் பூசி அடைத்து, சுற்றிலும் அரை மீட்டருக்கு நுண்மணல் நிரப்ப வேண்டும். இன்னொரு வழி, முசிறி பக்கம் காவிரிக் கரையில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் பரப்பிய சூழல் காக்கும் கழிப்பறை. தரைக்கு மேலே இரண்டு அறை, மலம் ஒரு துளையில், சிறுநீரும் கழுவிய தண்ணீரும் வேறு வேறு வழியில். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் தூவ வேண்டும். தண்ணீர் தவறி மல அறைக்குள் போனால் புழு வைத்து நாறும். விருந்தாளி வந்தால் அவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு மட்டும் சொல்லுங்கள்.

*கைக்குழந்தையின் மலத்தில் என்ன இருக்கிறது, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைதானே?*
— ஆரணி வாசகி

பெரியவர்களுடையதைவிடக் கிருமி அதிகமாகவே இருக்கலாம். துணியில் போனதை உதறிக் குப்பையில் போடாமல் கோப்பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். துணி அலசிய தண்ணீரும் அங்கேயே. அதன்பிறகு சோப்பு போட்டுக் கை.

*கோப்பை கறுத்துவிட்டது. ஆசிட் ஊற்றலாமா?*
— ஓமலூர் வாசகர்

இரட்டைக் குழியானால் வேண்டாம், பினாயிலும் அளவுக்கு மேல் வேண்டாம். குழியில் மலத்தை மக்கவைப்பது நுண்ணுயிர்கள், ஆசிட் அவற்றையும் கொல்லும். சலவைத்தூளும் நீளக் கைப்பிடிப் பிரஷும் போதும். தேய்ப்பதற்கு முன்னால் அரைக் குவளைத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். இனி ஒவ்வொரு முறையும் உட்காரும் முன்பு கோப்பையை லேசாக நனைத்துவிட்டால் ஒட்டாது, கறுக்காது.